காலித் தோட்டாவும் கால் சுற்றும்

பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு 'கோக்கா' என்ற வார்த்தை மறந்திருக்காது. சுட்டு முடித்த தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டுக்கு ராணுவ இந்தியில் அதுதான் பெயர்.

எங்கள் முகாமில் ஒரு நாள் .303 ரைபிளில் சுட வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா. தோளில் வாங்கிய உதையைத் தடவிக்கொண்டே எல்லோரும் எழுந்தபோது ஹவில்தார் கோக்காக்களை எண்ண ஆரம்பித்தார். ஒன்று குறைந்தது. அவ்வளவுதான், மொத்தப் பேரும் புல்தரையில் முட்டி போட்டுத் தேடினோம். "கோலி கயீ, கோக்கா கஹாங் கயா?" (குண்டு போயிடுச்சு, கூடு எங்கே போச்சு?) என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். இருட்டும் நேரத்தில் அது ஒரு பையனின் பேண்ட் மடிப்புக்குள் கிடைத்தது. அன்று ராத்திரி அவனுக்கு நாங்கள் கொடுத்த 'மரியாதை'யை இங்கே எழுத முடியாது :-)

பெருவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பித்தளைத் துண்டுக்கு ஏன் இந்தப் பாடு என்று அப்போது புரியவில்லை. புரிந்தது பல வருடம் கழித்து, கனடாவிலிருந்து வந்த ஒரு ஃபோனில்.

என் அத்தை மகன் அங்கே போய்க் குடியேறியவன். உள்ளூர் நண்பர்களோடு சேர்ந்து, உரிமம் எடுத்து, மான் வேட்டைக்குப் போகிறவன். அவனிடம் இருந்தது பழைய ராணுவ லீ-என்ஃபீல்ட், அதே .303. தோட்டா விலை அதிகம் என்பதால் காலிக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பும் 'ரீலோடிங்'கை வீட்டிலேயே செய்கிறான். அங்கே அது சட்டப்படி சாதாரண விஷயம்.

"மாப்ளே, நீ டை ஆளுதானே? ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தான். நான் புனேயில் பிரஸ் டூல், டை வேலையில் இருப்பவன். தகட்டை எப்படி அழுத்தினால் எப்படி வளையும் என்பதுதான் எனக்குச் சோறு போடும் ஞானம்.

"சொல்லு மச்சான்."

"நேத்து சுட்டப்போ கூடு ரெண்டா பிஞ்சுடுச்சு. போல்ட்டை இழுத்தா அடிப்பாகம் மட்டும் வருது, மேல் பாதி உள்ளேயே மாட்டிக்கிச்சு. முகத்துல சூடா காத்து அடிச்சது. கண்ணாடி போட்டிருந்தேன், பொழைச்சேன். நாலாவது தடவைதான் நிரப்பியிருக்கேன். ரீசைஸிங் டையை அதோட காகிதத்துல போட்டிருந்த மாதிரியேதான் செட் பண்ணேன்."

துப்பாக்கி எனக்குத் தெரியாது, டை தெரியும். ஒரு வாரம் டைம் கொடு என்றேன். அந்த ஒரு வாரம் ஒன்றரை நூற்றாண்டுக் கதையில் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதுதான் இந்தப் பதிவு.

காகிதத்திலிருந்து பித்தளைக்கு

1857-ன் தோட்டா நம் எல்லோருக்கும் பாடப்புத்தகத்தில் பழக்கம். என்ஃபீல்ட் ரைபிளின் காகிதத் தோட்டா, அதில் தடவிய கொழுப்பு, அதைப் பல்லால் கடிக்க வேண்டிய கட்டாயம், டம்டமில் கிளம்பிய வதந்தி. அந்தக் காகிதம் சுட்டதும் தீர்ந்துவிடும். திரும்ப எடுக்க ஒன்றும் இருக்காது.

பத்தே வருடத்தில் நிலைமை மாறியது. 1866-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஸ்னைடர் ரைபிளுக்கு வந்தது. அதற்கு உலோகத் தோட்டா செய்தவர் வுல்விச்சில் இருந்த கர்னல் எட்வர்ட் பாக்ஸர். உலோகம் ஏன்? வெடிக்கும்போது பித்தளை உப்பி, துப்பாக்கியின் அறைச் சுவரோடு (சேம்பர் என்பார்கள்) ஒட்டிக்கொள்ளும். புகை பின்பக்கம் சுடுபவன் முகத்துக்கு வராது. அழுத்தம் குறைந்ததும் பித்தளை ஒரு துளி சுருங்கும், கூடு கழன்று வரும்.

ஒரு துளிதான் சுருங்கும் என்பது முக்கியம். பழைய அளவுக்குத் திரும்பவே திரும்பாது. எந்த அறையில் சுடப்பட்டதோ அந்த அறையின் அச்சாகவே கூடு வெளியே வரும். இன்னொரு துப்பாக்கியில் போட்டால் நுழையாமல் அடம் பிடிக்கலாம். அதை மீண்டும் உபயோகிக்க வேண்டுமானால் இறுக்கிச் சுருக்க ஒரு டை வேண்டும். ரீசைஸிங் டை பிறந்த காரணம் இதுதான்.

பாக்ஸரின் முதல் கூடு ஒரே துண்டுப் பித்தளை இல்லை. மெல்லிய தகட்டைச் சுருட்டி, தனியாக ஒரு அடித்தட்டு பொருத்தியது. அடுத்து வந்த மார்ட்டினி-ஹென்றியிலும் அதே கதை. 1884-85 சூடான் சண்டைகளில் மணலும் சூடும் சேர்ந்து கூடுகள் அறைக்குள் ஒட்டிக்கொண்டன. இழுத்தால் அடித்தட்டு மட்டும் கிழிந்து வந்தது. எதிரி பாய்ந்து வரும்போது கையில் இருப்பது வெறும் இரும்புக் கம்பி! மச்சானுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுவேதான், எதிரி மட்டும் மான். அதன்பின் ஒரே துண்டாக இழுத்துச் செய்த கூடுகள் வழக்கத்துக்கு வந்தன.

கட்கியும் மழைக்காலமும்

நான் தினமும் கடக்கும் கட்கியில் (வெள்ளைக்காரனுக்குக் கிர்க்கி) 1869-ல் தோட்டாத் தொழிற்சாலை வந்தது. கட்கி பஜாரில் காய்கறி வாங்கும்போது பின்னால் யாராவது தமிழில் பேரம் பேசுவார்கள். நம்மவர்கள் அங்கே பல தலைமுறையாக இருக்கிறார்கள்.

தோட்டாக் கூடு செய்யும் முறை என் தொழிலுக்கு அண்ணன் முறை. நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம் கலந்த பித்தளைத் தகட்டிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டி, அதை டையில் அழுத்திக் குட்டிக் கிண்ணமாக்குவார்கள். அடுத்தடுத்த டைகளில் இழுக்க இழுக்கக் கிண்ணம் குழாயாக நீளும். நடுநடுவே உலையில் காட்ட வேண்டும். நம் ஊர்ப் பாத்திரக்கடைப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். குடத்தை அடித்துக்கொண்டே வருபவர் திடீரென்று நெருப்பில் வாட்டுவார். அடி வாங்க வாங்கப் பித்தளை விறைத்துப் போகும், வாட்டினால்தான் இளகும். வாட்டாமல் அடித்தால் விரிசல்தான்.

வாட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பிரமாதமான பாடம் நடந்திருக்கிறது. மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், யாருமே தொடாத தோட்டாக்களில் விரிசல்! குறிப்பாகக் குண்டைக் கவ்வியிருக்கும் கழுத்துப் பகுதியில். மழை சீசனில் வருவதால் அதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர் வைத்தார்கள். காரணம் தெளிவாக 1921 வரை ஆனது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா ஒரு பக்கம், டையில் இழுத்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால் விரிசல். மிதமான சூட்டில் வாட்டி உள்ளிறுக்கத்தைப் போக்கினால் பிரச்சனை அடங்கிவிடும்.

டை வேலை செய்கிற யாரும் இதை மறக்கக்கூடாது. அழுத்தி முடித்ததும் கைக்கு வரும் துண்டு பார்க்கச் சாதுவாக இருக்கும். அழுத்திய கணக்கு அதற்குள் பத்திரமாக இருக்கும்.

.303-ம் அருவங்காடும்

1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் .303 தோட்டாவுக்கு மாறியது. முதலில் கரிமருந்து, 1891 வாக்கில் புகை குறைந்த கார்டைட். ஆபெல், டிவார் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1889-ல் உருவாக்கிய மருந்து அது. சேவை நாழியில் பிழிந்தது போல நீள நீளக் கயிறாக இருக்கும். அதை இந்தியாவிலேயே செய்ய 1900-களின் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரியின் அருவங்காடு. ஊட்டி ரயிலில் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே வரும் ஸ்டேஷன். ஜன்னல் வழியே அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்த உங்களில் எத்தனை பேருக்கு அது கார்டைட் ஊர் என்று தெரியும்?

கார்டைட்டால் ஒரு சிக்கல். அந்தக் கயிற்றுக்கட்டைக் குறுகலான கழுத்து வழியே உள்ளே திணிப்பது கஷ்டம். அதனால் முதலில் நேரான கூட்டில் கட்டைப் போட்டு, அதன்பிறகே டையில் அழுத்திக் கழுத்தைச் சுருக்கினார்கள். உள்ளே மருந்தை வைத்துக்கொண்டு டையில் அழுத்துவதா! என்னை அந்த பிரஸ் பக்கமே நிற்கச் சொல்லாதீர்கள்.

மச்சானின் பிரச்சனைக்கு நேராக வருகிறேன். .303 கூட்டின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. அறைக்குள் போகும்போது அந்த விளிம்பு வெளியே தட்டி நிற்கும். கூடு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. போல்ட்டின் முகத்துக்கும் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை 'ஹெட்ஸ்பேஸ்' என்பார்கள். ராணுவ அளவுகோல் 0.064 இன்ச்சிலிருந்து 0.074 இன்ச் வரை அனுமதித்தது. விளிம்பின் தடிமன் 0.064 இன்ச்சுக்கு மேல் போகாது, குறையலாம். ஆக, கூடு கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட எப்போதும் இடம் இருக்கும். நம்பர் 4 லீ-என்ஃபீல்டில் இதைச் சரிக்கட்டவே 0, 1, 2, 3 என்று எண் போட்ட போல்ட் தலைகள் கொடுத்தார்கள்.

இது போதாதென்று அறையின் முன்பகுதியையும் தாராளமாகவே குடைந்தார்கள். பதுங்குகுழிச் சேறும் மண்ணும் ஒட்டிய தோட்டாகூட உள்ளே போக வேண்டுமே. போர்வீரனுக்கு அதுதான் சரி. அவன் கூட்டை ஒரே முறைதான் சுடுவான். இரண்டாம் முறையைப் பற்றி அந்த டிசைனில் யாரும் கவலைப்படவில்லை.

வடமேற்கு எல்லையில் கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். கோஹாட் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மார்ட்டினியையும் லீ-என்ஃபீல்டையும் கையாலேயே நகல் எடுத்தவர்கள். துப்பாக்கி செய்துவிடலாம், ஆனால் தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு? சிப்பாய்கள் விட்டுப்போன கோக்காதான். நம்மை நோக்கியே திரும்பி வரும் என்பதால் படைகள் காலிக் கூட்டைப் பொறுக்கி எண்ணும் வழக்கம் உறுதிப்பட்டது. எங்கள் ஹவில்தாரின் கோபத்துக்கு இவ்வளவு பின்கதை!

இடுக்கியிலிருந்து பிரஸ் வரை

காலிக் கூட்டை வீட்டிலேயே நிரப்புவது தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில். கடை வெகு தூரம், மிருகமோ பக்கத்தில் என்று இருந்த நாடு. 1884-ல் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் கைக்கருவி விற்க ஆரம்பித்தார். பாக்குவெட்டி மாதிரி இரண்டு பிடி, நடுவில் டை. கைப்பிடியின் பலம் கூட்டின் கழுத்தைச் சுருக்கப் போதும், அவ்வளவுதான். உடம்பு முழுவதையும் இறுக்கும் சக்தி மணிக்கட்டுக்கு இல்லை.

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் சலவைத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரெட் ஹண்டிங்டன், .22 தோட்டாவின் காலிக் கூட்டிலிருந்தே குண்டு செய்யும் டையை 1943-ல் உருவாக்கினார். ராக் சக் என்ற அணில் வகைப் பிராணியைச் சுடப் பயன்பட்டதால் 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்'. அதன் சுருக்கமே ஆர்.சி.பி.எஸ்., இன்றும் ரீலோடிங் கருவிகளில் பெரிய பெயர். போருக்குப் பிறகு நெம்புகோல் பலம் நிறைந்த மேஜை பிரஸ்கள் பரவின. டையின் வெளி மரையும் பொதுவான அளவுக்கு வந்தது: 7/8 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 14 மரை. யார் செய்த டையையும் யார் பிரஸ்ஸிலும் போடலாம்.

அமெரிக்கர்களுக்கு இன்னொரு வசதி. தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் பிரைமரில் இரண்டு வகை. பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை. டைக்குள் இருக்கும் ஊசி இறுக்கும்போதே பழைய பிரைமரைத் தள்ளிவிடும். பெர்டன் வகையில் ஓரமாகத் துளைகள். ஊசி வேலைக்கு ஆகாது. இதில் வேடிக்கை, பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். அமெரிக்கா பாக்ஸரை எடுத்துக்கொண்டது, பிரிட்டிஷ் ராணுவ .303 பெர்டனோடு போனது! அவரவர் வீட்டுப் பிள்ளையை அவரவர் மதிக்கவில்லை.

போர் முடிந்ததும் லீ-என்ஃபீல்டுகள் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மலிவாக வேட்டைக்காரர்கள் கைக்கு வந்தன. தாராள அறையுள்ள ராணுவத் துப்பாக்கியும் முழு உடம்பையும் நசுக்கும் பிரஸ்ஸும் முதல்முறையாக ஒரே மேஜையில் சந்தித்தன. கூடுகள் பிய்ய ஆரம்பித்தன.

கால் சுற்றுக் கணக்கு

என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடி ஊசி தட்டியதும் கூடு முன்னால் போய் விளிம்பில் நிற்கிறது. உள்ளே சதுர இன்ச்சுக்கு 45,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறுகிறது (உங்கள் கார் டயரில் முப்பது சொச்சம்). முன்பக்க மெல்லிய சுவர் அறையோடு ஒட்டிக்கொள்கிறது. தடிமனான அடிப்பாகம் ஒட்டாது, அதனால் பின்னால் நகர்ந்து போல்ட்டில் மோதுகிறது. நடுவில் உள்ள பித்தளை இழுபடுகிறது. தோள்பகுதியோ முன்னால் உப்பி, தாராள அறையை நிரப்புகிறது.

இப்போது மச்சான் அதை டையில் போட்டு, தோளைப் பழைய புத்தக அளவுக்கே பின்னால் தள்ளுகிறான். மறுபடி சுடுகிறான், மறுபடி இழுபடுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அந்தக் கதை. அடிக்குச் சற்று மேலே உள்பக்கம் ஒரு பள்ளம் வளையமாக உருவாகும், ஒரு நாள் அங்கேயே பிய்யும்.

டையோடு வரும் காகிதம் வழக்கமாகச் சொல்வது இது: ஷெல் ஹோல்டர் (கூட்டின் அடியைப் பிடித்துக்கொள்ளும் பகுதி) டையைத் தொடும்வரை இறக்கு, அதன்பின் இன்னும் கொஞ்சம் இறுக்கு. எந்த நாட்டு எந்தத் துப்பாக்கியிலும் நுழைய வேண்டும் என்றால் அது சரியான அறிவுரைதான். ஒரே துப்பாக்கியில் சுடுகிறவனுக்கு அது தேவைக்கு மேல்.

இன்ச்சுக்கு 14 மரை என்றால் ஒரு சுற்று 1/14 இன்ச், அதாவது சுமார் 0.071 இன்ச் (1.8 மி.மீ.). கால் சுற்று 0.018 இன்ச். அரைக்கால் சுற்று 0.009 இன்ச். நம் தச்சர்களின் ஒரு நூலில் (1/8 இன்ச்) பதினாலில் ஒரு பங்கு! கண்ணுக்குத் தெரியாத இந்த அளவில்தான் மச்சானின் கண் இருந்தது.

நான் அவனுக்குச் சொன்னது:

"முதல்ல அந்தப் பேட்ச் கூடு அத்தனையையும் தூக்கிப் போடு. நுனி வளைச்ச மெல்லிசுக் கம்பியை உள்ளே விட்டு அடிப்பக்கம் தடவிப் பாரு. பள்ளம் தட்டுப்படும்."

தட்டுப்பட்டது. ஏறக்குறைய எல்லாவற்றிலும்.

"இப்ப அதே துப்பாக்கில ஒரு தடவை மட்டும் சுட்ட நல்ல கூடு ஒண்ணு எடு. கழுத்தையும் தோளையும் மார்க்கர் பேனாவால கறுப்பாக்கு. உடம்புக்கு லூப்ரிகன்ட் தடவ மறந்துடாதே, இல்லேன்னா டைக்குள்ளேயே மாட்டிக்கும். ஹோல்டரைத் தொடற இடத்துல இருந்து டையை ஒரு முழுச் சுற்று மேலே ஏத்து. கூட்டை அழுத்தி எடு. கறுப்பு எங்கே தேய்ஞ்சிருக்குன்னு பாரு, கழுத்துலதான் இருக்கும். துப்பாக்கில வெறுங்கூட்டைப் போட்டு போல்ட்டை மூடிப் பாரு. கஷ்டப்பட்டா டையை அரைக்கால் சுற்று இறக்கு, அப்புறம் அதுலயும் பாதி. தோள்ல கறுப்பு லேசா தேய ஆரம்பிச்சு, போல்ட் சுலபமா மூடுற இடம் எதுவோ அங்கேயே லாக் நட்டைப் பூட்டிடு. அதுக்கு மேல ஒரு முடி அளவுகூட இறக்காதே."

தோள் உப்பிய இடத்திலேயே இருந்தால், கூடு போல்ட்டுக்கும் தோளுக்கும் நடுவே சரியாகப் பொருந்தி நிற்கும். விளிம்புப் பக்கம் இடைவெளி இருந்தாலும் பின்னால் நகர இடமில்லை, இழுபடாது. பார்லோவின் பாக்குவெட்டிக் காலத்தில் கை பலம் போதாததால் தானாகவே நடந்தது இது. பிரஸ் வந்தபிறகு நாமாக நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மச்சானின் டை கடைசியில் நின்ற இடம், அவன் பழைய செட்டிங்கிலிருந்து கிட்டத்தட்ட கால் சுற்று மேலே. அவ்வளவுதான் வித்தியாசம். இது அவன் துப்பாக்கிக்கான கணக்கு, எல்லாத் துப்பாக்கிக்கும் அல்ல. அதன்பிறகு அவன் கூடுகளில் ஒவ்வொரு தடவையும் கம்பி விட்டுப் பார்க்கிறான். பள்ளம் இல்லை என்று ஃபோனில் சொல்வான். நான் கேட்காமலேயே சொல்வான். அத்தைக்கு மட்டும் கண்ணாடி விஷயத்தை இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படிக்கும் உறவினர்களும் சொல்லாமல் இருந்தால் நல்லது.

எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு இப்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறேன். "சார், சேஃப்டிக்கு இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிடறேன்" என்பார்கள். எதற்கு, எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. மரையின் கணக்கைப் போடச் சொல்வேன்.

கட்கியும் அருவங்காடும் 2021 அக்டோபரில் பழைய ஆர்டினன்ஸ் ஃபாக்டரி போர்டு கலைக்கப்பட்டபோது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற நிறுவனத்துக்குப் போயின. 1869-ன் தோட்டாப் பட்டறையும் நீலகிரியின் மருந்துக் கிடங்கும் இப்போது ஒரே கூரைப் பெயரின் கீழ். அருவங்காட்டிலோ கட்கியிலோ வேலை பார்த்த அப்பா, தாத்தா உள்ளவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் சொன்ன பட்டறைக் கதைகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பித்தளையைத் தொட்டவர்கள் சொல்வது போல எந்தப் புத்தகமும் சொல்லாது.

டிஸ்கி: நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ன் ஆயுதச் சட்டப்படி குற்றம். வீட்டில் பித்தளை கிடைத்தால் நல்லதாக ஒரு டபரா டம்ளர் வாங்கிக் காபி குடியுங்கள்.